திருப்பூர் மெர்ச்சண்டைசர் எம்பிஏ படித்தால் கட்டுப்படியாகுமா?

நூல்கண்டு கேட்டது:

பி.காம். முடித்து, திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் மூன்றரை வருடமாக மெர்ச்சண்டைசர், அதாவது பையரின் (வாங்கும் கம்பெனியின்) ஆர்டரைப் பின்தொடர்ந்து பார்த்துக்கொள்ளும் வேலை. வயது 25. பிடித்தம் போக மாதம் 28,000 கைக்கு வருகிறது. வீட்டிலிருந்தே போய் வருவதால் தங்கும் செலவு இல்லை.

வேலையை விட்டுவிட்டு டான்செட் நுழைவுத்தேர்வு எழுதி, கோவையில் முழுநேர எம்பிஏ சேரலாமா என்று யோசனை. விசாரித்த காலேஜில் இரண்டு வருடத்துக்கு ஃபீஸ் 3 லட்சம், ஹாஸ்டலும் மெஸ்ஸும் 1.5 லட்சம். ஆக 4.5 லட்சம், முழுக்க பேங்க் லோன். பிளேஸ்மென்டில் 4.8 லட்சம் பேக்கேஜ் சாதாரணமாகக் கிடைக்கும் என்கிறார்கள். இல்லாவிட்டால் வேலையில் இருந்துகொண்டே தபால் வழியில் எம்பிஏ. அதுவும் வேண்டாம் என்றால் படிப்பையே மறந்துவிட்டு இதே லைனில் மேலே போவது.

"படிப்பு எப்போதும் வீண் போகாது" என்ற பதில் வீட்டில் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. கணக்கும் விவரமும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை:

4.5 லட்சம் என்பது உங்கள் செலவில் பாதிகூட இல்லை. இரண்டு வருடம் விட்டுக்கொடுக்கும் சம்பளம் 28,000 × 24 = 6.72 லட்சம். அதையும் சேர்த்தால் 11.22 லட்சம். படிப்புக்கு நீங்கள் கொடுக்கும் விலை இதுதான். ஃபீஸ் ரசீதில் இருப்பது அதில் ஒரு துண்டு.

இதைத் திரும்ப எடுக்க எவ்வளவு நாளாகும்? படிக்கப் போகாமல் இருந்தால் இரண்டு வருடத்தில் 34,000 வாங்கிக்கொண்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எம்பிஏ முடித்து 40,000 கைக்கு வந்தால் வித்தியாசம் மாதம் 6,000. 11.22 லட்சத்தை 6,000ஆல் வகுத்தால் 187 மாதம், அதாவது பதினைந்தரை வருடம். ஐந்தே வருடத்தில் எடுக்க வேண்டுமானால் மாதம் 18,700 கூடுதலாக வர வேண்டும். முதல் வேலையிலேயே கைக்கு 52,700. நீங்கள் சேரும் காலேஜில் எத்தனை பேருக்கு அப்படி வருகிறது என்பதுதான் கேட்க வேண்டிய ஒரே கேள்வி.

இப்போது அந்த 4.8 லட்சத்துக்கு வருவோம். பேக்கேஜ் என்பது கம்பெனிக்கு ஆகும் செலவு, உங்கள் சம்பளம் வேறு. உதாரணத்துக்கு அதில் 60,000 டார்கெட்டை எட்டினால் மட்டும் வரும் தொகை என்று கொள்ளுங்கள். மீதி 4.2 லட்சம். அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, 2.1 லட்சம். கம்பெனி பங்கு பிஎஃப் 12% என்றால் 25,200. கிராஜுவிட்டி 4.81% கணக்கில் 10,100. இன்சூரன்ஸ் ஒரு 6,000. இவை மூன்றும் பேக்கேஜுக்குள்தான் இருக்கும், கைக்கு வராது. பிறகு உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 25,200, தொழில் வரி 2,500. எல்லாம் போக மாதம் ஏறக்குறைய 29,250. வேலைக்கான ஆஃபர் ஓலையில் மாதம் 40,000 மாதிரி தெரிந்தது, இப்போது வாங்குவதைவிட 1,250தான் அதிகம். பிஎஃப் உங்கள் பணம்தானே என்றால் உண்மைதான், ஆனால் அதை வைத்து லோன் தவணை கட்ட முடியாது. வேலை சென்னையிலோ பெங்களூரிலோ என்றால் வாடகை அந்த 1,250ஐ முதல் நாளே விழுங்கிவிடும்.

லோன் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 10.5% வட்டி, பேங்க் பணத்தை ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 2.25 லட்சம் வீதம் கொடுக்கிறது, படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். தவணைதான் கிடையாது, வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். முதல் பாதிக்கு மூன்று வருட வட்டி 70,875, இரண்டாம் பாதிக்கு இரண்டு வருட வட்டி 47,250. இரண்டும் அசலோடு சேர்ந்து, கட்ட ஆரம்பிக்கும்போது கடன் 5.68 லட்சமாகிவிடும். ஏழு வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 9,580. மொத்தம் கட்டுவது 8 லட்சத்தைத் தாண்டும். அந்த மூன்று வருடமும் வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டி வந்தால் தவணை 7,590க்கு இறங்கும். முதல் வருடம் மாதம் 1,970, அடுத்த இரண்டு வருடம் 3,940. வீட்டில் யாராவது கட்ட முடியுமா என்று இப்போதே பேசிவிடுங்கள்.

கல்விக் கடனில் 4 லட்சம் வரை கைப்பணம் போட வேண்டியதில்லை, அதற்கு மேல் 5% நீங்கள் போட வேண்டும். 7.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், தவணை தொடங்காத காலத்துக்கு மட்டும், 3% வட்டி மானியம் உண்டு. ஆனால் காலேஜ் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். கடனுக்கு மனுப் போடும் முன் அதைச் சரிபாருங்கள். கல்விக் கடன் வட்டிக்கு வரிச்சலுகை என்று பேங்கில் ஆசை காட்டுவார்கள். இந்தச் சம்பளத்துக்கு வரியே வராது என்பதால் சலுகையும் உங்களுக்கு இல்லை.

கடைசியாக ஒன்று. கோவைக்கு 50 கிலோமீட்டர்தான். ரயில் சீசன் டிக்கெட் எடுத்தால் அந்த ஹாஸ்டல் செலவில் பெரும்பகுதி மிச்சம். ஹாஸ்டல் கட்டாயம் என்று சொல்லும் காலேஜா என்று கேளுங்கள்.

காதர்பேட்டை:

மேல கணக்குப்பிள்ளை போட்டது சரிதானுங்க. நான் வேலை பக்கமா சொல்றேன். தம்பி மெர்ச்சண்டைசர்ங்கறதால ஒண்ணு கேக்கறேன்: உங்க கம்பெனியில காஸ்டிங், அதாவது பீஸுக்கு என்ன விலை சொல்றதுங்கற கணக்கு, போடறது யாரு? நீங்களா, முதலாளியா? பையருக்கு மெயில் போடறது, லேப் டிப் (சாயச் சாம்பிள்) அனுப்பறது, பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முந்தின மாதிரி பீஸ்) அப்ரூவல் வாங்கறது, டிஎன்ஏ சார்ட்டை (எந்த வேலை எந்தத் தேதிக்குங்கற டைம் அண்ட் ஆக்‌ஷன் அட்டவணை) துரத்தறது, இதோட நின்னா அது ஃபாலோ-அப் வேலை. இந்த ஊர்ல சம்பளம் ஏர்றது விலை சொல்லத் தெரிஞ்சவனுக்குத்தான். அதை எந்த எம்பிஏ சிலபஸும் சொல்லித்தராது.

ஒரு ரவுண்ட் நெக் டி-ஷர்ட் எடுத்துக்கங்க. 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம்) சிங்கிள் ஜெர்சி துணி. பாடி நீளம் 72 செ.மீ., கை 22, தையலுக்கும் மடிப்புக்கும் 12, மொத்தம் 106. பாதி மார்பு 54, அதோட 4 சேர்த்து 58. 106 × 58 × 2 × 180, அதை ஒரு கோடியால வகுத்தா 0.221 கிலோ. பீஸுக்கு 221 கிராம். இது வரைக்கும் எல்லாரும் போட்டுருவாங்க. இதுக்கு மேல எத்தனை சதவீதம் கழிவு சேர்க்கறதுங்கறதுலதான் லாபமும் நட்டமும். நிட்டிங்ல போறது, டையிங்ல எடை குறையறது, காம்பாக்டிங்ல ஜிஎஸ்எம் ஏறிக்கறது, கட்டிங்ல மார்க்கர் மிச்சம், செக்கிங்ல ரிஜெக்ஷன். மொத்தமா 10% போட வேண்டிய இடத்துல 7% போட்டு ஆர்டர் பிடிச்சா, 20,000 பீஸுக்கு 133 கிலோ துணி பத்தாது. துணி கிலோ 450னு வச்சா 60,000 ரூபாய் அங்கயே போச்சு. காசு போறதைவிட மோசம், கடைசி நேரத்துல வேற லாட்ல சாயம் போட்டு ஷேட் மாறி வர்றது. ஜிஎஸ்எம் 180 கேட்டு 188 வந்தாலும் இதே கதைதான், நீளம் குறையும்.

எம்பிஏல உபயோகமானது ஒண்ணு உண்டு, மறைக்கல. பணம் எத்தனை நாள் எங்க தூங்குதுன்னு பாக்கற கண்ணு. பீஸ் 270 ரூபாய்னு 20,000 பீஸ், 54 லட்ச ரூபாய் ஆர்டர். பையர் 60 நாள் டிஏ, அதாவது டாக்குமென்டை ஏத்துக்கிட்டு 60 நாள் கழிச்சுப் பணம்னு கேக்கறார். வட்டி 9%னா 60 நாளுக்கு 80,000. பீஸுக்கு 4 ரூபாய். இதை விலையில ஏத்தாம "பேமென்ட் டெர்ம்ஸ் ஓகே"னு மெயில் போடற மெர்ச்சண்டைசர்கள்தான் ஊர்ல பாதிப் பேரு. ஆனா இதைப் புரிஞ்சுக்க ரெண்டு வருஷம் வேண்டாங்க, பி.காம். படிச்ச தம்பிக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போதும்.

அதனால என் பேச்சு இதுதான். இந்த வருஷம் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் நீங்களே தனியா காஸ்டிங் போட்டு வச்சுக்கங்க, ஷிப்மென்ட் போனப்புறம் நிஜமா ஆன துணி, தையல் கூலி, அக்சசரீஸ் எடுத்து ஒப்பிடுங்க. இருபது ஸ்டைல் ஆச்சுன்னா உங்க தப்பு எங்க விழுதுன்னு தெரிஞ்சுரும். அப்புறம் எல்சி (பையரோட பேங்க் பணத்துக்குக் கொடுக்கற உத்தரவாதம்) டாக்குமென்ட்ஸ். ஷிப்மென்ட் தேதியில இருந்து 21 நாளுக்குள்ள, எல்சி காலாவதி ஆகறதுக்கு முன்னால, பேங்க்ல கொடுக்கணும். பேங்குக்குப் பாக்க 5 வேலை நாள். இன்வாய்ஸ்ல பொருள் விவரம் எல்சியில இருக்கறதோட ஒத்துப் போகலைன்னா டிஸ்கிரிபன்சி (முரண்பாடு)னு போட்டு பணம் நிக்கும். டாக்குமென்டேஷன் தெரிஞ்ச மெர்ச்சண்டைசர் அபூர்வம், அவங்களை முதலாளி விடவே மாட்டாரு. முறையா படிக்கணும்னா ஐஐஎஃப்டியில (இந்திய வெளிநாட்டு வர்த்தக நிறுவனம்) ஏற்றுமதி இறக்குமதிக்குன்னே சர்டிபிகேட் கோர்ஸ் இருக்கு, வேலையை விட வேண்டியதில்லை.

மூன்றாம்பெஞ்ச்:

காதர்பேட்டை அண்ணன் சொன்னதில் ஒரு பாதியோடு எனக்கு உடன்பாடில்லை. காஸ்டிங் தெரிந்தவருக்கு இந்த ஊரில் மதிப்பு உண்டு, சரி. ஆனால் சீனியர் மெர்ச்சண்டைசர், மெர்ச்சண்டைசிங் மேனேஜர் என்று போய், அதற்கு மேல் நாற்காலி குடும்பத்துக்குள் இருக்கும் கம்பெனிகள்தான் இங்கே அதிகம். வெளிநாட்டு பிராண்டுகளின் சோர்சிங் ஆபீஸ், பெரிய ரீடெயில் கம்பெனிகளின் டிரெய்னி வேலை, பேங்குகளில் ஏற்றுமதிக் கடன் பார்க்கும் பிரிவு இவற்றுக்கெல்லாம் ஆளெடுப்பு பெரும்பாலும் கேம்பஸ் வழியாக நடக்கிறது, அல்லது விண்ணப்பத்தில் முழுநேர எம்பிஏ என்ற வரி இருந்தால்தான் திறந்தே பார்க்கிறார்கள். பாடத்தை வீட்டில் படிக்கலாம். அந்தக் கதவை வீட்டிலிருந்து திறக்க முடியாது. ஆகவே விலை கொடுப்பது கதவுக்கு. எந்தக் கதவையும் திறக்காத காலேஜுக்கு 11 லட்சம் கொடுக்கக் கூடாது என்பதில் மேலே உள்ள இருவரோடும் நானும் ஒன்றுதான்.

டான்செட்டில் 100 கேள்வி, 2 மணி நேரம். தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும், அதாவது மூன்று தவறு ஒரு சரியான விடையைத் தின்றுவிடும். வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது கணக்குப் பகுதியில் நேரத்தைக் கொட்டிவிட்டு, எளிதான ஆங்கிலப் பகுதியைக் கடைசிப் பத்து நிமிடத்தில் குருட்டாம்போக்கில் நிரப்புவதால். டிகிரியில் 50% தேவை, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45%. தேர்வை அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும், எம்பிஏ கவுன்சலிங் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜிசிடி) வழியாக நடக்கும். கவுன்சலிங்கில் உங்கள் மூன்றரை வருட அனுபவத்துக்குத் தனி மதிப்பெண் இல்லை.

அனுபவத்துக்கு விலை கிடைப்பது ஐஐஎம்கள் நடத்தும் கேட் (CAT) நுழைவுத்தேர்வு வழியில். நவம்பர் கடைசி ஞாயிறு நடக்கும், பதிவு ஆகஸ்ட்–செப்டம்பர். மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 40 நிமிடம், சரிக்கு 3, தவறுக்கு 1 கழியும். விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்குக் கழிவு இல்லை. நேர்காணலுக்கு அழைக்கும்போது பல ஐஐஎம்கள் வேலை அனுபவத்தைச் சேர்த்துப் பார்க்கும், நேர்காணலிலும் துணிக்கழிவு கணக்கைச் சொல்லத் தெரிந்தவர் கல்லூரியிலிருந்து நேராக வந்தவரைவிட நன்றாகப் பேசுவார். ஃபீஸ் பல மடங்கு, அதனால் மேலே போட்ட கணக்கை அந்தத் தொகைக்கு மறுபடி போடுங்கள். வேலையோடு ஒரு வருடம் தயாராகி எழுதிப் பார்ப்பதற்கு விண்ணப்பக் கட்டணம் தவிர நஷ்டம் இல்லை. சுற்றுவட்டாரத்திலேயே இன்னொன்று: பீளமேட்டில் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் உள்ள சர்தார் வல்லபபாய் படேல் பன்னாட்டு ஜவுளி மற்றும் மேலாண்மைப் பள்ளி. ஜவுளி, ஆயத்த ஆடை, ரீடெயில் என்று துறைவாரியான எம்பிஏ. பொது எம்பிஏவில் உங்கள் அனுபவம் பாதி வீணாகும், அங்கே ஆகாது.

தபால் வழி பற்றி. யுஜிசி அனுமதி பெற்ற பல்கலைக்கழகத்தின் தொலைநிலை, இணையவழிப் பட்டங்களை நேர்வழிப் பட்டத்துக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்பது விதி. தனியார் கம்பெனி எச்ஆர் விதியைப் பார்த்து ஆளெடுப்பதில்லை, அது வேறு. ஏற்கெனவே இருக்கும் வேலையில் பதவி உயர்வுக்கு டிகிரி தேவைப்படுபவருக்கு இது நல்ல வழி. புது வேலைக்குக் கதவு திறக்க இது பெரும்பாலும் போதாது. சேர்வதென்றால், நீங்கள் சேரும் பருவத்துக்கு, அந்தப் பாடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் நீங்களே பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி உண்டு என்பதும் அந்த வருட எம்பிஏவுக்கு உண்டு என்பதும் ஒன்றல்ல; ஏமாறுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். சேர்க்கைக்கு டெப் ஐடி (யுஜிசியின் அந்தப் பிரிவு தரும் மாணவர் எண்) எடுக்கச் சொல்வார்கள், அதை மாணவர்தான் எடுக்க வேண்டும். "நாங்களே போட்டுக்கறோம், பணத்தை மட்டும் கட்டுங்க" என்று சொல்லும் ஸ்டடி சென்டர் வாசலிலிருந்தே திரும்பிவிடுங்கள்.

பிளேஸ்மென்ட் போஸ்டரை நம்பாதீர்கள். காலேஜ் மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் கலந்துகொண்டிருந்தால், அவர்கள் சமர்ப்பித்த தரவு அவர்கள் இணையதளத்திலேயே பிடிஎஃப் ஆக இருக்கும். அதில் இரண்டு வருட முதுநிலைப் படிப்பு என்ற அட்டவணையை எடுத்துப் பாருங்கள்.

நூல்கண்டு:

எல்லோருக்கும் நன்றி. காஸ்டிங் முதலாளிதான் போடுகிறார் அண்ணா, நான் கன்சம்ப்ஷன் (பீஸுக்கு ஆகும் துணி) வரைக்கும் மட்டும். இந்த வாரமே நோட்டு போட்டு ஆரம்பிக்கிறேன்.

காலேஜின் என்ஐஆர்எஃப் பிடிஎஃப் கிடைத்தது. கடைசி வருட வரிசை: அனுமதிக்கப்பட்ட இடம் 120, சேர்ந்தவர்கள் 112, உரிய காலத்தில் முடித்தவர்கள் 104, வேலை கிடைத்தவர்கள் 58, இடைநிலைச் சம்பளம் 3,60,000, மேற்படிப்புக்குப் போனவர்கள் 3. போஸ்டரில் "100% பிளேஸ்மென்ட் உதவி" என்றிருந்தது. இதை எப்படிப் படிப்பது?

கணக்குப்பிள்ளை:

"உதவி" என்ற சொல்லை வைத்துப் போஸ்டர் பொய்யாகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

இடைநிலை என்றால் 58 பேரை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவர் சம்பளம். அதற்கு மேல் வாங்குபவர் அதிகபட்சம் 29 பேர். முடித்த 104 பேரில் அது 28%. நீங்கள் சொன்ன 4.8 லட்சம் இந்த 29 பேருக்குள்ளும் மேல் வரிசையில் இருப்பவர்களுக்கு. நடுவில் நிற்பவரின் அந்த 3.6 லட்சமும் பேக்கேஜாகவே எழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். கைக்கு உங்கள் 28,000ஐவிடக் குறைவாகத்தான் வரும்.

104இல் 58ம் 3ம் போனால் மீதி 43 பேர். இவர்கள் எல்லோரும் வேலையில்லாமல் நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கொங்கு மண்டலத்து எம்பிஏ வகுப்பில் ஸ்பின்னிங் மில், டையிங், கோழிப்பண்ணை, நிதி நிறுவனம் என்று சொந்தத் தொழிலுக்குத் திரும்புகிறவர்கள் கணிசம். அவர்கள் பிளேஸ்மென்டுக்குப் பதிவே செய்வதில்லை. காலேஜில் போய் மூன்று எண் கேளுங்கள்: பிளேஸ்மென்டுக்குப் பதிந்தவர்கள் எத்தனை, அதில் ஓலை வாங்கிய தலைகள் எத்தனை (ஒருவரே மூன்று ஓலை வாங்கினால் மூன்றாக எண்ணுவது வழக்கம்), முன் அனுபவத்தோடு வந்தவர்கள் எங்கே போனார்கள். மூன்றாவதுக்குப் பதில் சொல்லத் தயங்கினால் உங்களுக்கு அங்கே வேலையில்லை.

காதர்பேட்டை:

தம்பி, நோட்டு போடறப்ப ஒண்ணு. கன்சம்ப்ஷன் மீடியம் சைஸுக்கு மட்டும் போட்டு மொத்த ஆர்டருக்கும் பெருக்கிராதீங்க. சைஸ் ரேஷியோ, அதாவது எந்த சைஸ் எத்தனை பீஸ்னு பாத்து, அதுக்கேத்த சராசரி எடுங்க. எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் ஜாஸ்தி இருக்கற ஆர்டர்ல மீடியம் கணக்கு கண்டிப்பா பத்தாது. முதல் ஸ்டைல் முடிஞ்சதும் இங்கயே போடுங்க, பாத்துச் சொல்றேன்.